விழுந்தவனின் பூர்வீகம்

“தேவதூதனைப் புழு அரிக்குமா?” என்று கேட்டுவிட்டு போதகர் ஞானசிகாமணி ஐயர் நிறுத்தினார். நிறுத்துவார் என்று எமீமாளுக்குத் தெரியும். பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள், மடியில் கிடந்த வலது கையை ஒரு தேங்காய் மூடியைத் திருப்புகிற அளவுக்குத் திருப்பினாள். திருப்பி முடியவும் பிரசங்க பீடத்திலிருந்து புருஷனின் குரல் மறுபடி எழுந்தது. “ஏசாயா பாடுகிற ஆள் செத்துப் பாதாளத்துக்குப் போகிறான். அவனுக்குக் கீழேயும் புழு, மேலேயும் புழு. முன்னாலேயே செத்துக் கிடக்கிற ராஜாக்கள் எழுந்து வந்து அவனைக் கேலி பண்ணுகிறார்கள். யார் அவன்? பாபிலோன் ராஜா. வேதம் அதை ஒளிக்கவில்லை, அந்தப் பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. விடிவெள்ளியே விழுந்தாயே என்று ஒரு கொடுங்கோலனைக் கேலி பண்ணிப் பாடின பாட்டை, பின்னால் வந்தவர்கள் எடுத்துப் பிசாசுக்கு ஜாதகமாக எழுதிவிட்டார்கள்.” ஜாதகம் என்ற சொல்லுக்கு ஆண்கள் பக்கம் சிரிப்பார்கள் என்று அவள் நேற்றே கணக்குப் போட்டிருந்தாள். சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அவர் காத்திருந்தார், அதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். நம்ம ஐயர் எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்துவாரு என்று ஊரில் பேச்சு. அந்த நிறுத்தங்களின் அளவு அவள் அடுப்படியில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் துருவியின்மேல் உட்கார்ந்து மறுநாள் சமையலுக்குத் தேங்காய் துருவுவாள், அவர் வாசற்படிக்கு அருகே முக்காலியைப் போட்டுக்கொள்வார், அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், அவர் அதைத் தன் குரலில் திருப்பிச் சொல்வார். மூடியைத் திருப்பிப் பிடிக்கிற இடத்தில் அவள் மூச்சு வாங்குவாள். அவரும் அங்கே மூச்சு வாங்கப் பழகிவிட்டார். ஒரு மூடி முடிகிற இடத்தில் ஒரு பகுதி முடியும். எதையும் எழுதியதில்லை. அவர் போதகராகப் போன முதல் சேகரத்தில், பனங்காட்டு ஊரில், பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காய்ச்சலில் கிடந்தவருக்குச் சும்மா ஒத்தாசையாகத் தொடங்கியது, அப்படியே கல்யாணத்தின் ஒரு வேலையாகிவிட்டது, தண்ணீர் பிடித்து வைப்பதுபோல, அங்கிக்குக் கஞ்சி போடுவதுபோல. அவள் இப்போது தலையை நிமிர்த்தி அவர் அங்கியின் கழுத்துப் பட்டையைப் பார்த்தாள். கஞ்சி நன்றாக நின்றிருந்தது. வாக்கியமும் நன்றாக நின்றிருந்தது. புழு என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள், அவர் உயர்த்திவிட்டார், போகட்டும், அந்தக் குரலுக்கு உயர்த்துவதும் பொருந்துகிறது. என்ன குரல். மணியோசைபோல் கடைசி பெஞ்சுவரைக்கும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. என் சொல்லுக்கு இப்படி ஒரு குரல் கிடைத்தது என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நெஞ்சு விம்மியிருக்கிறது. பக்கத்தில் இருந்த ரெத்தினபாய் அக்கா குனிந்து, “என்ன ஐயரம்மா, நீங்களும் கூடக்கூட சொல்லுதியோ?” என்று கிசுகிசுத்தாள். எமீமாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். “வீட்டுல கேட்டதுதானக்கா” என்றாள்.

வீட்டில் கேட்டதுதான். சேகர கமிட்டிச் செயலாளர் சுவிசேஷமுத்து சார் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து, முன்னறையில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தரையில் வைத்தபிறகு சொன்னதும் வீட்டில் கேட்டதுதான். பெண்களும் குருப்பட்டம் பெறலாம் என்று, எல்லாச் சேகரங்களுக்கும் மேலான திருமண்டலத்தில் இப்போதுதான் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வயது வரம்புக்கு எமீமாளுக்கு இதுவே கடைசி வருஷம். சேகரம் சிபாரிசு செய்தால் அவள் விண்ணப்பம் மேலே போகும், செய்யாவிட்டால் இங்கேயே முடிந்தது. இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய அறையில் கமிட்டி கூடுகிறது, பேசுவதற்கு அது ஒன்றுதான். “அம்மா, ஒங்களுக்கு என்ன கொறச்சல்?” என்றார் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இன்னமும் எதிரில் இருப்பவரைக் கடைசி பெஞ்சு மாணவனாகப் பார்க்கிற பார்வை. “ஐயரம்மான்னா பாதி ஐயர்தானே.” “அந்த மீதிப் பாதியத்தான் கேக்கேன் சார்” என்றாள் அவள். ஐயர் சிரித்துவிட்டார், பிறகு சிரிக்காததுபோல் ஜன்னல் பக்கம் பார்த்தார். சார் சிரிக்கவில்லை. “தமாசுக்கு நல்லாத்தான் இருக்கு. லூசிபர் எதுல விழுந்தாம்னு ஒங்களுக்குத் தெரியாததா? தூதனா இருந்தது போதாதுன்னு மேல ஒரு படி ஏறப் பாத்தான். பெருமைம்மா. கமிட்டியில நாலு பேரு அப்படித்தான் பேசுதாக, நான் சொல்லல.” நான் சொல்லல என்று சொல்கிறவர்கள்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு எல்லா சேகரத்திலும் பழகியது. “லூசிபர்ங்கிற பேரு நம்ம தமிழ் வேதத்துல எந்தப் பக்கத்துல இருக்கு சார்?” என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். கேட்டபோது இருந்த ருசி இப்போதும் நாக்கில் இருந்தது, கற்கண்டுபோல. சார் எழுந்து தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, “பாத்தேளா, இதத்தான் சொல்லுதேன்” என்று ஐயரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டபிறகு ஐயர், “உனக்கு இது தேவையா எமி?” என்றார். எது, கேள்வியா விண்ணப்பமா என்று அவள் கேட்கவில்லை. “இந்த ஞாயித்துக்கிழமைக்கு பிசாசு எங்கேர்ந்து வந்தான்னு பேசுவோம்” என்றாள். அவர் குனிந்து காலி டம்ளரை எடுத்தார். பிறகு, “சரி, பேசுவோம்” என்றார். அந்தப் பன்மை அவளுக்குப் பிடித்திருந்தது. “கமிட்டிக்கு நீ வரண்டாம். நான் பேசுதேன்” என்றும் சொன்னார். வழக்கமும் அதுதான், யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்கள் அறைக்குள் இருப்பதில்லை.

“அடுத்து எசேக்கியேல்” என்றது குரல். இரண்டாவது மூடி. ஏதேனில் இருந்தான், ரத்தினங்களால் மூடப்பட்டிருந்தான், கேருப் என்ற காவல் தூதனாக இருந்தான், அவனிடத்தில் அநியாயம் காணப்பட்டது என்றெல்லாம் வருகிறதே, அவன் யார்? தீரு பட்டணத்து ராஜா. கப்பல் வியாபாரி. “நம்ம துறைமுகத்துப் பெரிய முதலாளி ஒருத்தரை நினைத்துக்கொள்ளுங்கள், பேர் சொல்லவேண்டாம்” என்றபோது மறுபடியும் சிரிப்பு. இந்த இடத்தை அவள் இறையியல் கல்லூரியில் எழுதியிருந்தாள், இரண்டாம் வருஷம், எபிரெயு மூலத்தில் அந்தப் பகுதியை வைத்துக்கொண்டு. ஒரே வரியை ஒருவிதமாகப் படித்தால் ராஜாவே கேருப், இன்னொருவிதமாகப் படித்தால் கேருப் வேறே, ராஜா வேறே, கேருபோடு இருந்தவன். இரண்டு படிப்பையும் தராசில் வைத்து நிறுத்ததுபோல எழுதியதற்கு ஆசிரியர் ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார், அந்தக் கோட்டை அவள் எத்தனை நாள் எடுத்து எடுத்துப் பார்த்தாள். தங்கப் பதக்கம் அவளுக்கு. கூடப் படித்த ஞானசிகாமணிக்கு எபிரெயுவில் மூன்றாவது முறைதான் தேர்ச்சி, அதுவும் நூலகத்துப் படிக்கட்டில் உட்கார்த்திவைத்து அவள் சொல்லிக்கொடுத்து. பட்டமளிப்புக்குப் பிறகு அவருக்குக் கழுத்துப் பட்டை, அவளுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம். பதக்கம் பீரோவில் அங்கிகளுக்குக் கீழே கிடக்கிறது. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாததே அவளுக்கு ஒரு பெருமையாக இருந்தது. சொல்லாமல் இருக்கிறேன் பார் என்று தனக்குள்ளேயே ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொள்கிற பெருமை. ஆக சுவிசேஷமுத்து சார் சொன்னது பொய்யும் இல்லை. இங்கேதான் நினைப்பு எப்போதும் வந்து முள்ளில் சேலை மாட்டியதுபோல மாட்டும். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுக்கு எழுதின நிருபத்தில் ஒரு வசனம் இருக்கிறது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனைச் சபைக்குக் கண்காணியாக வைக்காதே, அவன் இறுமாந்துபோய்ப் பிசாசுக்கு வந்த ஆக்கினையில் விழுந்துவிடுவான் என்று. பாபிலோன் ராஜாவை எடுத்துவிடலாம், தீரு ராஜாவை எடுத்துவிடலாம், இதை எடுக்க முடியாது. பிசாசு இறுமாப்பில் விழுந்தான் என்று அப்போஸ்தலனே நினைத்திருக்கிறான்போல் இருக்கிறது. போல் இருக்கிறது, ஏனென்றால் அதையும் இரண்டுவிதமாகப் படிக்கலாம், பிசாசுக்கு வந்த ஆக்கினையா, பிசாசு சுமத்துகிற ஆக்கினையா. இப்படிப் படிக்கிறாயே, உனக்குச் சாதகமாக வருகிறது என்பதால்தானே படிக்கிறாய் என்று ஒரு குரல், அது அப்பாவின் குரல். ஆனால் அந்த வசனம் புதிதாக வந்தவனைப் பற்றியது. நான் புதிதா? இத்தனை வருஷமாக இந்த பீடத்திலிருந்து பேசிக்கொண்டிருப்பவள் நான் அல்லவா. இதுதானா அந்த இறுமாப்பு? அவன் விழுவதற்கு முந்தின நொடியில் இப்படித்தான் இருந்திருக்குமா, இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நியாயமாக?

அப்பா கடற்கரைப் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வானத்திலிருந்து சாத்தான் விழுகிற காட்சிக்கு நீளமான வசனம், எந்தப் பையனுக்கும் மனப்பாடம் நிற்கவில்லை, எமீமாளுக்கு நின்றது. முகத்தில் அடுப்புக்கரி, அம்மாவின் பழைய கறுப்புச் சேலை, பெஞ்சின்மேல் ஏறி நின்று பேச வேண்டும், கடைசி வரியில் குதிக்க வேண்டும். அவளுக்குக் குரல் மெல்லியது, நூல்போல இருக்கும். அப்பா ஒத்திகையில் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டு, “கேக்கல, கேக்கல” என்று கத்தினார். அவள் சத்தத்தைக் கூட்டவில்லை. ஒவ்வொரு சொல்லாக, இடம் விட்டு விட்டு, கல்லை வைப்பதுபோல வைத்தாள். “இப்ப கேக்கு” என்றார் அப்பா. அன்றைக்கு ராத்திரி பெஞ்சிலிருந்து குதித்தபோது கால் மணலில் புதைந்தது, ஜனங்கள் கைதட்டினார்கள், மீனவப் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். தேவதூதனாக வந்த பையனுக்கு யாரும் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து கரியைக் கழுவிவிடும்போது அப்பா, “நல்லாத்தான் செஞ்ச” என்றார். பிறகு இன்னும் கொஞ்சநேரம் முகத்தையே தேய்த்தார், கரி போனபிறகும். அப்படித் தேய்த்தது பெருமையிலா பயத்திலா என்று அவளுக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை. அவர்தான் அவளுக்கு எமீமாள் என்று யோபுவின் மூத்த மகள் பேரைத் தேடி வைத்தவர். அந்தப் பேரை இழுத்துக் கூப்பிடத் தெரியாமல் ஊரே எமி ஆக்கிவிட்டது.

மின்விசிறி ஒன்று பெண்கள் பக்கத்தில் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது, காற்று அவள்வரைக்கும் வரவில்லை. ஐயர் ஏதேன் பாம்புக்கு வந்திருந்தார். ஆதியாகமத்தில் அது பாம்புதான், காட்டு ஜீவன்களில் தந்திரமான ஒன்று, அவ்வளவே, அதைப் பழைய பாம்பு, பிசாசு என்று பேரிட்டு அழைக்க வேதத்தின் கடைசிப் புஸ்தகம்வரைக்கும் காத்திருக்கவேண்டியிருக்கிறது. நன்றாகச் சொன்னார். இதற்கு அடுத்து ஒரு மூடி இருந்தது, அதை அவள் துருவவே இல்லை. ஜலப்பிரளயத்துக்கு முன்னால் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை அழகுள்ளவர்கள் என்று கண்டு இறங்கி வந்தார்கள் என்ற பகுதி. தூதர்கள் விழுந்தது பெருமையில் அல்ல, பெண்களைப் பார்த்ததில் என்று ஆதிச் சபையில் வெகுபேர் நம்பினார்கள். பவுல் பெண்களுக்கு முக்காடு சொல்லும்போது தூதர்களினிமித்தம் என்று ஒரு காரணம் போட்டுவிட்டுப் போகிறானே, அது இதைத்தான் என்றும் சொல்வார்கள். விழுந்தவன் அவன், முக்காடு நமக்கு என்று அவள் ஒருமுறை பெண்கள் கூட்டத்தில் சொல்லப்போக, ரெத்தினபாய் அக்கா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வடை சிதறியது. இதை அவர் வாயில் வைக்க முடியாது. அங்கி போட்ட ஆண் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும். இது அவள் வாயால் மட்டும் சொல்லவேண்டியது, அவள் வாய்க்கு பீடம் இல்லை, ஆகவே சேலைத்தலைப்பால் மூடி வைத்திருந்தாள். ஒவ்வொரு ஜெபத்துக்கும் முதலில் முக்காடு போடுகிறவள் ஐயரம்மாதான். அவள் தலைப்பை இழுத்ததும் அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சேலைகள் சரசரக்கும், கதவுவரைக்கும் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்பதிலும் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இத்தனை தலைகளை மூடுகிறோம் என்று.

கடைசி மூடி யோபு. எமீமாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “யோபுவில் அவன் எப்படி வருகிறான்? ஒளிந்து வரவில்லை. தேவகுமாரர் வந்து நிற்கிற நாளில் அவர்களோடு ஒருவனாக வந்து நிற்கிறான். எங்கேயிருந்து வருகிறாய் என்று கர்த்தர் கேட்கிறார். பூமியெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறான். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதுபோல.” ஆண்கள் பக்கத்தில் சுவிசேஷமுத்து சாரே சிரித்தார், அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. “குற்றம் கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். சகோதரரே, ஒன்று கவனிக்கவேண்டும். அவன் எங்கே பிறந்தான், எப்படி விழுந்தான் என்று வேதம் ஒரு இடத்திலும் உட்கார்ந்து முழுதாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாக இருப்பதை நாம்தான் தைத்தோம். அவன் பூர்வீகமே நமக்குச் சரியாகத் தெரியாதபோது, இன்னார் அவன் வம்சம் என்று ஒருவரைக் கைகாட்ட நமக்கு என்ன துணிச்சல்?” கைக்குழந்தை ஒன்றின் கொலுசு மட்டும் கேட்டது. இப்போது சார் சிரிக்கவில்லை, துண்டின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி, அதற்காகத்தான் இவ்வளவும். சாத்தான் வாய் திறந்து பேசுகிற அந்தப் புஸ்தகம் எப்படி முடிகிறது? தகப்பனான யோபு தன் குமாரத்திகளுக்கு அவர்கள் சகோதரரோடே பங்கு கொடுப்பதில் முடிகிறது. குற்றம் சாட்டினவனைக் கடைசி அதிகாரத்தில் காணவே காணோம். நேற்று இதை இரண்டுமுறை தடங்கலில்லாமல் சொன்னார். “ஓம் பேரும் அந்த எடத்துல வருதே, அதையும் சொல்லிரவா?” என்று கேட்டார். “பேரு வேண்டாம். பங்கு போதும்” என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். மடியில் அவள் கை மூடியைத் திருப்பியது. திருப்பி முடிந்தது. பீடத்தில் குரல் எழவில்லை. அவள் அவர் கையைப் பார்த்தாள். மறந்துபோனால் பீடத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்ப்பார், அப்போது அவள் உதட்டசைவால் முதல் சொல்லை எடுத்துக்கொடுப்பாள், அது வருஷத்தில் ஓரிருமுறை நடக்கும். கட்டைவிரல் அசையவில்லை. அவர் கண் பெண்கள் பக்கத்துக்கு வரவில்லை. ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், சுவிசேஷமுத்து சாரும் கமிட்டிக்காரர்களும் இருந்த பெஞ்சில் போய் ஒருகணம் தங்கியது. பிறகு கை பீடத்தின்மேல் இருந்த தண்ணீர் டம்ளருக்குப் போனது. அவள் பின்னிய வெள்ளை மூடுதுணியை எடுத்துவிட்டு ஐயர் தண்ணீர் குடித்தார். மறதிக்கு விளிம்பு. சொல்லைத் தெரிந்தே விழுங்குவதற்குத் தண்ணீர். அவளுக்குத் தெரியும். “ஆகவே பிரியமானவர்களே” என்றார், “நாமும் பெருமையை விட்டு, தாழ்மையைத் தரித்துக்கொண்டு,” என்று எங்கேயோ கேட்ட முடிவு ஒன்றை எடுத்து ஒட்டினார். குரல் என்னவோ அதே குரல்தான். ரெத்தினபாய் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒங்க ஐயர நெனச்சி நீங்க பெருமப்படணும் அம்மா” என்றாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கமிட்டி கூடுகிற அந்த அறைக்குள் அவர் என்ன பேசுவார் என்று இப்போது கண்ணால் கண்டதுபோல் தெரிந்துவிட்டது. தண்ணீர் இருக்கும் அங்கேயும், யாராவது டம்ளரில் வைத்திருப்பார்கள். பாவம். நல்ல மனுஷன். இத்தனை வருஷம் அவள் சொன்ன எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னவர், இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லாததால் அது ஊருக்குப் போகவில்லை, சுவரில் பட்டுத் திரும்பவில்லை, யாரும் அதைக் கேட்டுவிட்டு நம்ம ஐயர் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. அது இன்னும் அவள் வாய்க்குள், முழுசாக, பல் படாமல் இருந்தது. அதற்குக் குரல் வேண்டும். இருக்கிற குரல் நூல்போல மெல்லியது. ஒவ்வொரு சொல்லாக இடம் விட்டு வைத்தால் புளியமரம்வரைக்கும் போகும். அந்த அறை அவ்வளவு பெரியதும் இல்லை. சுவிசேஷமுத்து சார் சொல்லட்டும், பாத்தேளா இதத்தான் சொல்லுதேன் என்று. சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்துதானே கேட்கவேண்டும். பெருமையா? இருக்கட்டும். பெருமைதான். விழுந்தவனுக்கு அது இருந்ததோ இல்லையோ, தெரியாது. யோபுவின் மகள்களுக்கு இருந்திருக்கும், சகோதரரோடு சமமாக உட்கார்ந்து பங்கு வாங்கின அன்றைக்கு, இல்லாமலா.

“ஜெபம் செய்வோம்” என்றார் ஐயர். எல்லாரும் கண்களை மூடினார்கள். சேலைகளின் சரசரப்பு இன்று முதல் பெஞ்சில் தொடங்காமல் நடுவில் எங்கேயோ தயங்கித் தொடங்கி, முன்னும் பின்னுமாகப் பரவியது. எமீமாள் தோளிலிருந்து முந்தானையை முன்பக்கம் எடுத்தாள். எடுத்ததைத் தலைக்குக் கொண்டுபோகாமல் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.